ஜோர்டன் பரோஸ்: அமெரிக்க மல்யுத்த வீரரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜோர்டன் பரோஸ் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1988 ஜூலை 8 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரில் பிறந்தவர். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2009, 2011 என இரண்டு முறை அமெரிக்கக் கல்லூரி சாம்பியன் ஆனார். ஃபிரீஸ்டைல் மல்யுத்தத்தில் 2012 லண்டன் ஒலிம்பிக் தங்கம் அவருடையது. 2011, 2013, 2015, 2017, 2021, 2022 ஆகிய ஆறு ஆண்டுகளில் உலக சாம்பியன். உலகப் போட்டியையும் ஒலிம்பிக்கையும் சேர்த்து ஏழு தங்கம் வென்ற முதல் அமெரிக்க மல்யுத்த வீரர் இவர்தான்.

பட்டியலாகப் படித்தால் எல்லாம் சுலபமாக நடந்தது போலத் தெரியும். ஆனால் இந்த ஏழு தங்கங்களில் ஒன்றுகூடப் பெயருக்காகக் கிடைத்ததில்லை. ஒவ்வொரு வருடமும் முதலில் சொந்த நாட்டுக்காரர்களைத் தோற்கடித்து அணியில் இடம் பிடித்த பிறகுதான் உலகத்தை எதிர்கொண்டார். இவரைப் பற்றிப் பேசும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். கீழே வரும் பதில்களிலும் இது திரும்பத் திரும்ப வரும்.

சின்ன வயதிலேயே பெரிய வீரராக இருந்தாரா?

இல்லை. ஐந்து வயதில் மல்யுத்தம் பழகத் தொடங்கியவர்தான். ஆனால் வின்ஸ்லோ டவுன்ஷிப் உயர்நிலைப் பள்ளியில் கடைசி ஆண்டு படிக்கும்போதுதான், 2006-ல், மாநில சாம்பியன் ஆனார். பெரிய மல்யுத்தப் பல்கலைக்கழகங்கள் இவருக்காகப் போட்டி போடவில்லை. மார்க் மேனிங் பயிற்சி அளித்த நெப்ராஸ்காவில் சேர்ந்தார்.

முதல் ஆண்டில் 149 பவுண்டு பிரிவில் ஆடினார். அந்தப் பருவத்தில் 16 வெற்றி, 13 தோல்வி. பாதிக்குப் பாதி என்று சொல்லிவிடலாம். பின்னாளில் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய எத்தனை பேருக்கு இப்படி ஒரு தொடக்கம் இருந்திருக்கும்? மறு ஆண்டு, 2008-ல், தேசியக் கல்லூரி சாம்பியன்ஷிப்பில் மூன்றாம் இடம். அதற்கடுத்த ஆண்டு 157 பவுண்டு பிரிவுக்கு ஏறி, 35 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்காமல் சாம்பியன். 13 தோல்வியிலிருந்து பூஜ்யத்துக்கு வர அவர் எடுத்துக்கொண்டது இரண்டே வருடம்.

கல்லூரி மல்யுத்தமும் ஒலிம்பிக்கில் வரும் ஃபிரீஸ்டைலும் ஒன்றா?

இல்லை. அமெரிக்கப் பள்ளி, கல்லூரிகளில் ஆடுவது ஃபோக்ஸ்டைல் என்ற தனி வகை. உலகில் வேறெங்கும் இவ்வளவு பெரிய அளவில் இதை ஆடுவதில்லை.

ஃபோக்ஸ்டைலில் கட்டுப்பாடுதான் முக்கியம். எதிராளியைக் கீழே தள்ளினால் புள்ளி உண்டு, சரி. ஆனால் அதோடு விட முடியாது. மேலே இருப்பவர் அவரை எழ விடாமல் அழுத்திவைக்க வேண்டும். கீழே இருப்பவர் பிடியை உதறி எழுந்துவிட்டால் அவருக்கு ஒரு புள்ளி. இரண்டு பேரும் மேலிருந்த நேரத்தைக் கடிகாரம் வைத்துக் கணக்கிடுவார்கள். வித்தியாசம் ஒரு நிமிடமோ அதற்கு மேலோ இருந்தால், கூடுதல் நேரம் அழுத்தி வைத்தவருக்குக் கடைசியில் ஒரு புள்ளி சேரும். ஒரு போட்டி 3, 2, 2 நிமிடங்களாக மொத்தம் ஏழு நிமிடம்.

ஃபிரீஸ்டைலில் ஆட்டமே வேறு. எதிராளியின் முதுகு ஒரு கணம் தரைப்பக்கம் திரும்பினாலே உங்களுக்கு இரண்டு புள்ளி. வட்டத்துக்கு வெளியே கால் வைக்கச் செய்தால் ஒரு புள்ளி. கீழே தள்ளிய பிறகு சில விநாடிகளுக்குள் உருட்ட முடியவில்லை என்றால் நடுவர் எழுப்பி நிறுத்திவிடுவார். பத்துப் புள்ளி முன்னிலை வந்துவிட்டால் போட்டி அங்கேயே முடிந்தது. இப்போது மூன்று நிமிடம் வீதம் இரண்டு சுற்று, புள்ளிகளை மொத்தமாகக் கூட்டுவார்கள். 2013 வரை இரண்டு நிமிடச் சுற்றுகள், மூன்றில் இரண்டு ஜெயிப்பவர் வெற்றியாளர்.

இதனால்தான் கல்லூரியில் கொடிகட்டிப் பறந்த பலர் ஃபிரீஸ்டைலுக்கு வந்ததும் திணறுகிறார்கள். கல்லூரியில் சிக்கலான நிலையிலிருந்து முதுகால் உருண்டு தப்பிப்பது ஒரு திறமை. அதே உருளல் ஃபிரீஸ்டைலில் எதிராளிக்குப் புள்ளியை அள்ளிக் கொடுத்துவிடும்.

பரோஸுக்கு இந்த மாற்றம் கடினமாக இல்லை. அவர் தரையில் உருண்டு தப்பிக்கிற ஆள் கிடையாது. நின்ற நிலையிலிருந்து பாய்ந்து காலை எடுப்பவர். ஃபிரீஸ்டைல் விதிகள் அவருக்காகவே எழுதியது போல அமைந்துவிட்டன.

2010-ல் அவர் ஏன் கல்லூரிப் பட்டம் வெல்லவில்லை?

அந்தப் பருவத்தின் தொடக்கத்திலேயே முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. அறுவை சிகிச்சை செய்துகொண்டு அந்த ஆண்டு முழுவதும் வெளியே உட்கார்ந்தார். அந்த ஆண்டு தேசியக் கல்லூரி சாம்பியன்ஷிப் நடந்தது ஒமாஹாவில், அதாவது நெப்ராஸ்கா மாநிலத்திலேயே. நடப்பு சாம்பியனாகச் சொந்த மாநில ரசிகர்கள் முன்னால் ஆட வேண்டியவர் ஆடவே முடியாமல் போனது.

காயத்தால் பருவத்தை இழந்த மாணவருக்கு இன்னொரு ஆண்டு ஆட அங்கே அனுமதி கிடைக்கும். அதைப் பயன்படுத்தி 2011-ல் 165 பவுண்டு பிரிவில் திரும்பினார். 36 போட்டிகள், 36 வெற்றிகள். இறுதிப் போட்டி நடந்தது ஃபிலடெல்ஃபியாவில், அவர் பிறந்த கேம்டனுக்கு ஆற்றின் மறுகரையில். ஓக்லஹோமாவின் டைலர் கால்ட்வெல்லை 11–3 என்று வென்றார். நாட்டின் சிறந்த கல்லூரி மல்யுத்த வீரருக்குத் தரும் ஹாட்ஜ் கோப்பையும் அந்த ஆண்டு அவருக்கே.

கல்லூரியிலிருந்து உலக சாம்பியனாக எவ்வளவு காலம் ஆனது?

ஆறே மாதம். 2011 மார்ச்சில் கல்லூரிப் பட்டம். அதன் பிறகு தேசியப் போட்டி, அணித் தேர்வு. செப்டம்பரில் இஸ்தான்புல்லில் 74 கிலோ பிரிவில் உலக சாம்பியன். வழியில் அவர் வீழ்த்தியவர்களில் ஒருவர் ரஷ்யாவின் டெனிஸ் சர்குஷ். 2009, 2010 ஆண்டுகளின் உலக சாம்பியன் அவர். இறுதியில் ஈரானின் சாதெக் கூதர்ஸி. முதல் உலகப் போட்டியிலேயே நடப்பு சாம்பியனைத் தாண்டி ஒருவர் வருவது அடிக்கடி நடக்கிற விஷயமில்லை.

அவருடைய 'டபுள் லெக்' பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

டபுள் லெக் என்றால் எதிராளியின் இரண்டு கால்களையும் ஒரே பாய்ச்சலில் கைகளால் வளைத்துப் பிடித்து அவரைக் கீழே சாய்ப்பது. மல்யுத்தம் பழக வரும் குழந்தைக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கும் பாடம் இது. கபடியில் ரைடரின் இரண்டு தொடைகளையும் வாரிப் பிடிக்கும் டிஃபெண்டரைப் பார்த்திருப்பீர்கள். வேலை ஏறக்குறைய அதுதான். ஆனால் கபடியில் ரைடர் ஓடப் பார்ப்பார். இங்கே எதிராளி குனிந்து, கைகளை முன்னே நீட்டி, இந்தப் பாய்ச்சலுக்காகவே காத்திருப்பார்.

எல்லோருக்கும் தெரிந்த பிடி எல்லோரிடமும் எப்படிப் பலித்தது? அவருடைய போட்டி ஒன்றை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முதலில் கைகளால் எதிராளியின் தலை, முன்கை, தோள் என்று தட்டிக்கொண்டே இருப்பார். பார்ப்பவருக்கு ஒன்றும் நடக்காதது போல இருக்கும். எதிராளி அந்தத் தட்டலுக்குப் பதிலாகத் தலையை நிமிர்த்துவார், அல்லது கையை ஒரு அங்குலம் உயர்த்துவார். அந்த நொடியில் பரோஸின் இடுப்பு சடாரென்று இறங்கும். முன்கால் எதிராளியின் இரண்டு பாதங்களுக்கும் நடுவே ஆழமாக விழும். தோள் போய் எதிராளியின் வயிற்றில் இடிக்கும்.

பெரும்பாலான வீரர்கள் காலைப் பிடித்ததும் ஒரு கணம் நின்று அடுத்து என்ன என்று பார்ப்பார்கள். அந்த ஒரு கணம்தான் எதிராளிக்குக் கால்களைப் பின்னால் வீசி, தன் எடையை மேலே போட்டுத் தப்பிக்கக் கிடைக்கும் வாய்ப்பு. பரோஸ் அதைக் கொடுப்பதில்லை. பிடித்த பிறகும் கால்கள் ஓடிக்கொண்டே இருக்கும். எதிராளியைப் பாயின் நடுவிலிருந்து ஓரம் வரை தள்ளிக்கொண்டே போய்ச் சாய்ப்பார். தப்பித்தவறி எதிராளி வட்டத்துக்கு வெளியே போனாலும் ஒரு புள்ளி நிச்சயம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உலகமே இந்தப் பிடியைப் படித்து, அதற்கு எதிராகப் பயிற்சி செய்துகொண்டு வந்தது. அதற்குப் பிறகும் பத்து வருடத்துக்கு மேல் அது வேலை செய்தது.

லண்டன் ஒலிம்பிக்கில் என்ன நடந்தது?

2012 ஆகஸ்ட் 10. அன்றைய கடினமான போட்டி இறுதிப் போட்டி அல்ல, அரையிறுதி. எதிரே மறுபடியும் சர்குஷ். பரோஸ் முதல் சுற்றை எடுத்தார், இரண்டாவதை இழந்தார், மூன்றாவதில் ஜெயித்தார். இறுதியில் இஸ்தான்புல் போலவே கூதர்ஸி. 1–0, 1–0 என்று இரண்டு சுற்றிலும் வெற்றி. கல்லூரியை விட்டு வந்து ஒன்றரை வருடத்துக்குள் உலகப் பட்டம், ஒலிம்பிக் பட்டம் இரண்டும் கையில்.

மல்யுத்தத்தில் பணம் கிடைக்குமா?

குத்துச்சண்டை, கூடைப்பந்து போலக் கிடைக்காது. ஆனால் அமெரிக்க மல்யுத்த அமைப்பு 'லிவிங் தி ட்ரீம்' என்ற பெயரில் ஒரு பதக்க நிதி வைத்திருக்கிறது. ஒலிம்பிக் தங்கத்துக்கு 2,50,000 டாலர், உலகப் போட்டித் தங்கத்துக்கு 50,000 டாலர். லண்டனில் தங்கம் வென்ற பரோஸும் 96 கிலோ பிரிவின் ஜேக் வார்னரும் அந்தப் பெரிய தொகையைப் பெற்றார்கள். கல்லூரி முடித்த வீரர்கள் வேறு வேலைக்குப் போகாமல் பயிற்சியைத் தொடர இந்த மாதிரி நிதியும், பல்கலைக்கழகங்களை ஒட்டி இயங்கும் மண்டலப் பயிற்சி மையங்களும்தான் காரணம்.

2013-ல் உடைந்த கணுக்காலோடு ஆடினார் என்பது உண்மையா?

உண்மைதான். புடாபெஸ்ட் உலகப் போட்டிக்குச் சுமார் நான்கு வாரம் இருக்கும்போது பயிற்சியில் கணுக்கால் எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை செய்து திருகாணி பொருத்தினார்கள். அந்தக் காலோடு போய்த் தங்கம் வாங்கி வந்தார். டபுள் லெக் முழுக்க முழுக்கப் பாதத்தை ஊன்றித் தள்ளும் பிடி. அதை நினைத்துப் பார்த்தால்தான் இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

அதே வருடம் பிப்ரவரியில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிர்வாகக் குழு 2020 ஒலிம்பிக்கிலிருந்து மல்யுத்தத்தை நீக்கப் பரிந்துரை செய்தது. மல்யுத்த உலகம் கொதித்துப் போனது. மே மாதம் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குள்ளேயே பாய் விரித்து அமெரிக்கா, ஈரான், ரஷ்யா மூன்றும் ஆடிக் காட்டின. பரோஸும் அங்கே ஆடினார். புள்ளி விதிகளைப் பார்வையாளருக்குப் புரிகிற மாதிரி மாற்றினார்கள். செப்டம்பரில் பியூனஸ் ஐரிஸில் நடந்த வாக்கெடுப்பில் மல்யுத்தம் தன் இடத்தைத் திரும்பப் பெற்றது. ஒலிம்பிக்கிலேயே மிகப் பழைய விளையாட்டுகளில் ஒன்று இப்படிப் போராடித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டதை இன்று பலர் மறந்தே போய்விட்டார்கள்.

ஃபிரீஸ்டைலில் அவரை முதலில் தோற்கடித்தது யார்?

2011 முதல் தொடர்ச்சியாக 69 ஃபிரீஸ்டைல் போட்டிகளில் வென்றார். 2014-ன் தொடக்கத்தில் அதை நிறுத்தியவர் ஒரு ரஷ்யரோ ஈரானியரோ அல்ல, சக அமெரிக்கர் நிக் மேரபிள். அந்த ஆண்டு தாஷ்கண்ட் உலகப் போட்டியில் முழங்கால் காயத்தோடு ஆடி, அரையிறுதியில் சர்குஷிடம் 9–2 என்று தோற்று, வெண்கலம் பெற்றார். மறு ஆண்டு லாஸ் வேகாஸில் மறுபடி தங்கம்.

இந்திய வீரர்களோடு ஏதாவது தொடர்பு உண்டா?

அந்த லாஸ் வேகாஸ் போட்டியில்தான். 2015-ல் 74 கிலோ பிரிவில் பரோஸ் தங்க மேடையில் நின்றபோது, அதே மேடையில் வெண்கலத்தோடு நின்றவர்களில் ஒருவர் இந்தியாவின் நர்சிங் யாதவ்.

ரியோ 2016-ல் ஏன் பதக்கம் இல்லை?

பரோஸ் ரசிகர்கள் பேசத் தயங்கும் நாள் அது. எல்லோரும் அவர்தான் தங்கம் என்று எழுதியிருந்தார்கள். காலிறுதியில் ரஷ்யாவின் அனுவார் கெதுயேவ். ஒரு வருடம் முன்பு லாஸ் வேகாஸ் அரையிறுதியில் இதே கெதுயேவை 4–3 என்று ஒரே ஒரு புள்ளியில் வென்றிருந்தார். இம்முறை ஒரு புள்ளி மறுபக்கம் சாய்ந்தது. கெதுயேவ் 3–2 என்று வென்றார். அவர் தலையில் ரத்தம் வழிந்து, கட்டுப் போடுவதற்காகப் போட்டி அடிக்கடி நின்றது. இடைவிடாமல் நெருக்கி எதிராளியைக் களைக்க வைப்பது பரோஸின் பாணி. அவ்வப்போது மூச்சு வாங்க இடைவெளி கிடைத்தால் அது யாருக்கு லாபம் என்று சொல்லத் தேவையில்லை. இதை வைத்துக் கெதுயேவின் வெற்றியைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. அவர் அன்று திறமையாகவே ஆடினார், வெள்ளி வென்றார்.

மல்யுத்தத்தில் ரெபஷாஜ் என்று ஒரு முறை உண்டு. உங்களைத் தோற்கடித்தவர் இறுதிக்குப் போனால் உங்களுக்கு வெண்கலத்துக்குப் போராட இன்னொரு வாய்ப்பு. அப்படி வந்த வாய்ப்பில் உஸ்பெகிஸ்தானின் பெக்சோத் அப்துரக்மோனோவிடம் 11–1 என்று தோற்றார். புள்ளி வித்தியாசத்தால் போட்டி பாதியிலேயே முடிந்தது. இது உடம்பின் தோல்வி என்று நான் நினைக்கவில்லை. தங்கத்துக்காக மட்டுமே வந்தவர், அது போன பிறகு மறுபடி எழுந்து நிற்க முடியாமல் போன ஒரு மணி நேரம். பிறகு கேமரா முன்னால் அழுதுகொண்டே பேசினார். குழு ஆட்டத்தில் தோல்வியைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் இருக்கும். இங்கே யாரும் இல்லை.

மறு வருடம், 2017 பாரிஸ் உலகப் போட்டியில், ரஷ்யாவின் கேதாக் சபோலோவை 9–6 என்று வென்று மீண்டும் சாம்பியன் ஆனார். 1995-க்குப் பிறகு முதல் முறையாக அமெரிக்கா அணிப் பட்டத்தையும் அங்கே வென்றது, அதுவும் ரஷ்யாவை ஒரே புள்ளியில் முந்தி.

உலக சாம்பியனாக இருந்தும் ஒவ்வொரு வருடமும் ஏன் தேர்வுப் போட்டி ஆட வேண்டும்?

அமெரிக்காவின் முறை அப்படி. ஒரு எடைப்பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஒருவர்தான் போக முடியும். அந்த ஒருவரைக் குழு கூடித் தேர்ந்தெடுப்பதில்லை, பாயில்தான் முடிவு செய்வார்கள். முந்தைய ஆண்டு பதக்கம் வென்றவருக்கு ஒரு சலுகை உண்டு: முன்சுற்றுகள் ஆட வேண்டாம், நேராக இறுதிக்குப் போகலாம். அந்த இறுதி மூன்று போட்டி கொண்ட தொடர், இரண்டில் ஜெயிக்க வேண்டும்.

இந்த முறை இரக்கமற்றது என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு இந்த முறையில் முழு உடன்பாடு உண்டு. தேர்வுக் குழுவின் அறைக்குள் என்ன பேசினார்கள் என்ற சந்தேகத்துக்கே இடமில்லை.

74 கிலோவில் பரோஸைத் தாண்ட முயன்றவர்களின் பெயர்களைப் பாருங்கள். ஆண்ட்ரூ ஹோவ் 2012, 2016 ஒலிம்பிக் தேர்வுகள் இரண்டிலும் இவரிடம் தோற்றார். டேவிட் டெய்லர் 2014 தேர்வில் தோற்றார், அப்புறம் 86 கிலோவுக்குப் போய் 2018-ல் உலக சாம்பியன், டோக்கியோவில் ஒலிம்பிக் சாம்பியன். கைல் டேக், கார்னெல் பல்கலைக்கழகத்துக்காக நான்கு ஆண்டுகளில் நான்கு வெவ்வேறு எடைகளில் கல்லூரி சாம்பியன் ஆனவர். 2017-ல் தொடரின் முதல் போட்டியில் பரோஸை வென்றும், அடுத்த இரண்டையும் இழந்தார். அதன்பின் 79 கிலோவுக்குப் போய் 2018, 2019 இரண்டிலும் உலகத் தங்கம்.

பரோஸைத் தாண்ட முடியாமல் வேறு எடைக்குப் போனவர்கள் அங்கே உலகத்தையே வென்றிருக்கிறார்கள். 2011 முதல் 2019 வரை ஒவ்வொரு உலகப் போட்டிக்கும் ஒலிம்பிக்குக்கும் அமெரிக்காவின் 74 கிலோ வீரர் பரோஸ்தான். அந்த ஒன்பது ஆண்டுகளில் இரண்டில் பதக்க நிறம் வெண்கலமாக மாறியதற்கு ஒரே ஆள் காரணம்: ரஷ்யாவின் ஸவுர்பெக் சிதாகோவ். 2018-ல் 6–5, 2019-ல் 4–3, இரண்டு முறையும் கடைசி விநாடிகளில் பறித்துக்கொண்டார்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் ஏன் இல்லை?

கைல் டேக். 79 கிலோ எடைப்பிரிவு ஒலிம்பிக்கில் கிடையாது என்பதால் டேக் 74-க்கு இறங்கி வர வேண்டியிருந்தது. 2021 ஏப்ரலில் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் நடந்த தேர்வில் 3–0, 3–2 என்று இரண்டு போட்டியிலும் டேக் வென்றார். பரோஸுக்கு அப்போது 32 வயது. ஓய்வு அறிவிப்பு வரப்போகிறது என்று பலரும் எதிர்பார்த்தார்கள்.

அதற்குப் பிறகுமா இரண்டு உலகப் பட்டம்?

ஆமாம். நெப்ராஸ்காவிலிருந்து கிளம்பி ஃபிலடெல்ஃபியாவில் உள்ள பென்சில்வேனியா மண்டலப் பயிற்சி மையத்துக்குப் போனார். எடையை 79 கிலோவுக்கு ஏற்றினார். உலகப் போட்டியில் பத்து எடைப்பிரிவுகள், ஒலிம்பிக்கில் ஆறு மட்டுமே. அதனால் ஒலிம்பிக்கில் இடமில்லாத பிரிவுகளில் போட்டி லேசானது என்று ஒரு பேச்சு உண்டு. 79 கிலோவில் அப்படி இல்லை என்பதுதான் என் கருத்து. 74-க்கும் 86-க்கும் நடுவே சிக்கிக்கொண்ட வலுவான ஆட்கள் எல்லோரும் அங்கேதான் வருகிறார்கள்.

2021 அக்டோபரில் ஓஸ்லோவில் ஈரானின் முகமது நொகோதியை 5–1 என்று வென்று தங்கம். அதே போட்டியில் 74 கிலோ தங்கம் டேக்குக்கு. ஒருவரை ஒருவர் வருடக்கணக்கில் தடுத்துக்கொண்டிருந்த இருவரும் ஒரே அணியில் இரண்டு தங்கம் வாங்கியதைப் பார்த்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. 2022-ல் பெல்கிரேடில் மறுபடி நொகோதி, மறுபடி வெற்றி, 4–2. ஏழாவது தங்கம் அதுதான்.

ஏழு தங்கம் என்பது எந்தச் சாதனையை முறியடித்தது?

ஜான் ஸ்மித் என்ற பெரிய வீரர் 1987 முதல் 1992 வரை ஒவ்வோர் ஆண்டும் தங்கம் வென்றார்: நான்கு உலகப் பட்டம், இரண்டு ஒலிம்பிக் பட்டம், மொத்தம் ஆறு. பெண்கள் பிரிவில் அடெலின் கிரே ஆறு உலகப் பட்டம் வென்றிருந்தார். பரோஸ் இருவரையும் தாண்டினார். மொத்தப் பதக்கங்களின் எண்ணிக்கையில் மட்டும் ப்ரூஸ் பாம்கார்ட்னர் 13 பதக்கங்களோடு முன்னால் இருக்கிறார். பரோஸுக்குப் பத்து.

அப்படியானால் எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர் இவர்தானா?

அமெரிக்க அளவில் என்றால் ஸ்மித்தா பரோஸா என்ற விவாதம் தீராது. ஸ்மித் பக்கம் இரண்டு ஒலிம்பிக் தங்கம் இருக்கிறது, ஆறு வருடம் இடைவெளியே இல்லாத ஓட்டம் இருக்கிறது. பரோஸ் பக்கம் முதல் தங்கத்துக்கும் கடைசித் தங்கத்துக்கும் இடையே பதினோரு வருட நீளம் இருக்கிறது. என்னைக் கேட்டால், உச்சத்தில் ஸ்மித், நீடித்த உழைப்பில் பரோஸ்.

உலக அளவில் அவரை முதலிடத்தில் வைக்க மாட்டேன். ஏறக்குறைய இதே எடையில் ஆடிய ரஷ்யாவின் புவைசர் சைத்தியேவ் 1996, 2004, 2008 என மூன்று ஒலிம்பிக் தங்கமும் ஆறு உலகத் தங்கமும் வென்றவர். அந்தக் கணக்கு முன்னால் நிற்கிறது.

ஈரானில் அவருக்கு ரசிகர்கள் இருக்கிறார்களாமே?

ஏராளம். மல்யுத்தம் ஈரானின் தேசிய விளையாட்டு மாதிரி. குலாம்ரெசா தக்தி போன்ற வீரர்களை அங்கே காவிய நாயகர்களாகக் கொண்டாடுகிறார்கள். இஸ்தான்புல், லண்டன், புடாபெஸ்ட், ஓஸ்லோ, பெல்கிரேடு என்று இறுதிப் போட்டிகளில் பரோஸ் தோற்கடித்தது பெரும்பாலும் ஈரானியர்களைத்தான். ஆனாலும் 2013 உலகக் கோப்பைக்காக தெஹ்ரான் போனபோது ரசிகர்கள் அவரோடு படம் எடுத்துக்கொள்ள மொய்த்தார்கள். 2017-ல் அமெரிக்கா ஈரானியர்களுக்குப் பயணத் தடை விதித்ததும், பதிலுக்கு ஈரான் அமெரிக்க மல்யுத்த அணிக்கு அனுமதி மறுத்தது. அமெரிக்க நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்த பிறகு ஈரானும் இறங்கி வந்தது. பரோஸ் அணியோடு கெர்மன்ஷா போய் ஆடினார்.

2022-க்குப் பிறகு?

2023-ல் 79 கிலோ தேர்வில் சான்ஸ் மார்ஸ்டெல்லரிடம் தோற்றார். முந்தைய ஆண்டு மூன்று போட்டி வரை இழுத்து, பரோஸ் தப்பித்த அதே எதிராளி. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்காக மறுபடி 74 கிலோவுக்கு இறங்கினார், 35 வயதில். பென்சில்வேனியாவின் ஸ்டேட் காலேஜ் என்ற நகரில் நடந்த தேர்வில் ஜேசன் நோல்ஃபிடம் தோற்றார். பதக்கம் வென்றவர் என்ற சலுகை இல்லாததால், முன்சுற்றிலிருந்து இளைஞர்களோடு வரிசையில் நின்று ஆடித்தான் அதுவரை வந்திருந்தார்.

அவர் ஆட்டத்தைப் புதிதாகப் பார்ப்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?

2012 லண்டன் அரையிறுதி, சர்குஷுக்கு எதிராக. பழைய விதி என்பதால் சுற்றுச் சுற்றாக வெற்றி தோல்வி மாறும், பதற்றம் புரியும். அடுத்து 2015 அரையிறுதியையும் 2016 காலிறுதியையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டிலும் எதிராளி கெதுயேவ், இரண்டிலும் வித்தியாசம் ஒரே புள்ளி. டபுள் லெக்கை கெதுயேவ் எப்படிப் படித்து வைத்திருக்கிறார், எங்கே தலையைத் தாழ்த்தித் தடுக்கிறார் என்று கவனியுங்கள். கடைசியாக 2017 பாரிஸ் இறுதி. புள்ளிப் பலகையைப் பார்க்காமல் பரோஸின் முன்காலை மட்டும் பாருங்கள், எதிராளியின் பாதங்களுக்கு நடுவே அது எப்போது விழுகிறது என்று. இரண்டாவது முறை பார்க்கும்போது பாய்ச்சல் வருவதற்கு முன்னாலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.